பெறுநர் இல்லாத சுவர்

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. இறுதியாண்டுச் செயல்திட்டத்தின் வரைவைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இதுவரை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அத்தையின் குரல் குறுக்கே வந்து நிற்கிறது. எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் சுவருக்கு முன்னால், நான் கொடுத்த சாக்பீஸைத் திருப்பித் தருவதற்காகவே வாங்கியவர் போலப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இதை யாருக்கு எழுதுகிறோம், பாப்பா?"

"எல்லோருக்கும்தான் அத்தை" என்றேன். அவர் சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "எல்லோருக்கும் என்றால் யாரும் படிக்கமாட்டார்களே" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை என் உள்ளங்கையில் வைத்து மூடி, கொட்டகைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார். குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. சமையலில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் மூன்றரை ஆண்டுகளாக வகுப்பறையில், பார்ப்பவர்களும் சேர்ந்து உருவாக்கும் பங்கேற்புக் கலை பற்றி நான் படித்ததில் எதுவும் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

என் மனதில் அப்போது இருந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். 2011இல் கேண்டி சாங் என்ற கலைஞர், தன் குடியிருப்புப் பகுதியில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் சுவருக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். ‘இறப்பதற்கு முன் நான் விரும்புவது’ என்ற பொருளில் தொடங்கும் ஒரே ஆங்கில வாக்கியத்தை வரிசை வரிசையாக ஸ்டென்சிலில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோடு விட்டு, பக்கத்தில் சாக்பீஸ்களை வைத்தார். தனக்கு நெருக்கமான ஒருவரை இழந்த துக்கத்திலிருந்து பிறந்த வேலை அது. மறுநாளே சுவர் நிரம்பியது. பிறகு 70க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் சுவர்களில் அதை எழுதிக்கொண்டார்கள். மாணவர்களுக்கு இந்த வேலை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு டப்பா பெயின்ட், ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு வாக்கியம். செலவு குறைவு, புகைப்படத்தில் அழகாக இருக்கும், மக்கள் பங்கேற்றார்கள் என்பதற்குச் சுவரே சாட்சி. எங்கள் ஊருக்கும் இது பொருந்தும் என்று நம்பித்தான் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பாகவே பெயின்ட் டப்பாவோடு விருத்தாசலத்தில் ரயில் இறங்கினேன்.

நடுவில் விழுந்த கோடு

சிக்கல் பெயின்ட் காய்வதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆங்கில வாக்கியத்தில் கோடு கடைசியில் வருகிறது. எழுத வருபவர் அங்கிருந்து தொடங்கி எவ்வளவு நீளமாகவும் எழுதிக்கொண்டே போகலாம். தமிழில் வினை கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்படிப் புரட்டிப் பார்த்தும் ‘சாவதற்குள் நான் ______ வேண்டும்’ என்றுதான் எனக்கு எழுத வந்தது. முடிவில் இருக்கும் கோடு திறந்த கதவு என்றால், நடுவில் இருக்கும் கோடு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய சந்து. இதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். ஸ்டென்சில் வெட்டிய களைப்பில், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே எதிர்வீட்டுத் தாத்தா வந்து, பண்டிகை நாளில் ஊர்ச் சுவரில் சாவு என்று எழுதி வைக்கலாமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ‘சாவதற்குள்’ என்பதை எல்லா வரிகளிலும் அழித்தேன். மிஞ்சியது ‘நான் ______ வேண்டும்’. அந்தச் சந்துக்குள் பார்க்க, போக, கட்ட என்று ஏதாவது ஒரு வினை நுழையும் என்பது என் எதிர்பார்ப்பு. இமயமலையைப் பார்க்க வேண்டும், விமானத்தில் போக வேண்டும் என்று கனவுகள் வரும் என்று காத்திருந்தேன். வந்தவை பெயர்ச்சொற்கள். ‘மனைப் பட்டா’. ‘குடிதண்ணீர்’. ‘பையனுக்கு நிரந்தர வேலை’. ‘நான்’ என்று நான் எழுதியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ‘எனக்கு’ என்றே படித்துக்கொண்டார்கள். ஒருவர் ‘தெரு விளக்கு’ என்று எழுதி, கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘கிழக்குத் தெரு, மூன்றாவது கம்பம்’ என்று சேர்த்திருந்தார். வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். சுவரில் இருந்த எல்லா வரிகளிலும் அதுதான் சிறந்த வரி. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி என்னிடம் இல்லை.

தமிழில் ஆசைப்படுவதற்கும் தெய்வத்திடம் கேட்பதற்கும் ஒரே வேர்தான். வேண்டும், வேண்டுதல், வேண்டுகோள். நம் வாக்கியம் ‘வேண்டும்’ என்று முடிந்தவுடனே, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் எதிரில் வந்துவிடுகிறார். ஒரு கலெக்டர், ஒரு சாமி, ஒரு அண்ணன். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்கும் ஊர் இது. எழுத்து என்றால் அது ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். நான் வைத்த சுவருக்கு எதிரே யாரும் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சுவர் இருந்தது ஊர்த் தெருவில். காலனியிலிருந்து ஒருவரும் வந்து எழுதவில்லை. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு கடக்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் எழுதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மாலையில் இளைஞர்கள் கூடினார்கள், நடிகர்களின் பெயர்களும் கட்சிக் கொடிகளும் ஏறின. சாலையோரச் சுவர் யாருடைய இடம் என்பதை அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்தே மறந்திருந்தேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வகுத்த பங்கேற்பு ஏணியை முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எட்டுப் படிகள். மேல்படியில் முடிவுகள் மக்கள் கையில் இருக்கும். கீழ்ப்படிகளில் பங்கேற்ற உணர்வு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கும். என் சுவர் நான்காம் படியில் நின்றது. கருத்துக் கேட்பு. கேள்வியும் என்னுடையது, சுவரைத் தேர்ந்தெடுத்ததும் நான், புகைப்படமும் எனக்கே.

கொட்டகையில் ஒரு வாரம்

அத்தை முந்திரிக் கொட்டகையில் வேலை செய்கிறார். மறுநாளிலிருந்து விடுமுறை முடியும்வரை நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் உட்கார்ந்தேன். ஊர்த் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே தரையில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் இடம், எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அது ஒன்றுதான். வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு உடையாமல் வர வேண்டும். உடைந்தால் விலை இறங்கிவிடும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்பதால் கைகளில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்து, ரேகைகள் தேய்ந்துபோயிருக்கின்றன. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் இயந்திரம் வந்த பிறகு, அத்தையின் விரலை அது பலமுறை அடையாளம் காணவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டைவிரல் என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டி, கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டதை அவர் சொன்னபோது, வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் தங்கள் கைகளைத் திருப்பி என்னிடம் காட்டினார்கள்.

எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அவர்கள் சொல்ல, நான் எழுதினேன். இங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன், அதுவும் நல்ல எண்ணத்தோடு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அப்போது நான் சிறுமி. அந்த விடியலைப் பற்றி அத்தை பேசும்போது, வெளியே வந்து பார்த்ததும் வெசனமாக இருந்தது என்றார். நான் ‘கவலையாக இருந்தது’ என்று எழுதிக்கொண்டேன். மாலையில் படித்துக் காட்டியபோது அவர் தட்டுவதை நிறுத்தினார். "கவலை என்றா சொன்னேன்? வெசனம் என்றுதானே சொன்னேன்." இரண்டும் ஒன்றுதானே என்றேன். "கவலை நாளைக்கு என்ன ஆகுமோ என்று வருவது. வெசனம் ஆகிப்போன பிறகு வருவது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். அகராதியில் விசனம் என்று தேடினால் துக்கம், வருத்தம் என்று ஏதாவது கிடைக்கும். அத்தை பிரித்துக் காட்டிய இடம் அதில் இல்லை. நோட்டில் அதுவரை எழுதியிருந்த பக்கங்களை இரவு எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் என்னை அறியாமலேயே பாடப்புத்தகத் தமிழாக்கி வைத்திருந்தேன். எல்லோரும் ஒரே ஆளாகப் பேசினார்கள்.

இன்னொரு யோசனையும் அங்கேதான் அடிபட்டுப்போனது. சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் அழியாத குறி போடுவதற்குப் பயன்படுத்திய சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி ஓட்டு எண்ணெயையே மையாக்கி அவர்களுடைய சொற்களை எழுதினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று பரவசத்தோடு சொன்னேன். காலனியிலிருந்து வரும் ஓர் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சம்பளத்துக்காக இதைத் தொடுகிறோம். எங்கள் பேச்சையும் இதிலேயா எழுதுவாய்?" அதன் பிறகு மையைப் பற்றி நான் பேசவில்லை. சாதாரண நீலப் பேனா போதும்.

பிராது

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் அத்தை என்னை மணவாளநல்லூருக்கு அழைத்துக்கொண்டு போனார். விருத்தாசலத்தை ஒட்டியிருக்கும் கொளஞ்சியப்பர் கோயில். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. முருகன் அங்கே உருவமில்லாத கல்லாக இருக்கிறார். திருட்டுப் போன பொருள், ஏமாற்றப்பட்ட கடன், பிரிந்துபோன கணவன் என்று எதுவானாலும், காவல் நிலையத்தில் புகார் எழுதுவது போலவே கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதுவார்கள். யார் எழுதுகிறார், எந்த ஊர், என்ன குறை என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதுபவரின் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக் கட்டணம் கட்டுவார்கள். சாமி முன்னால் வைத்த சீட்டை முனியப்பர் சன்னிதியில் உள்ள வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சிறுவயதில் எத்தனையோ முறை அந்தச் சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சுருட்டி, மடித்து, நூலால் இறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கொத்துக் கொத்தாக. பெயின்ட் டப்பாவோடு ரயிலில் வந்தபோது அவை ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

அத்தை அன்று பிராது கட்டப் போகவில்லை. கட்டியதைத் திரும்பப் பெறப் போனார். கொல்லை வரப்பு விஷயமாகப் பெரியப்பா வீட்டுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோய் வெகுகாலம். அப்போது கட்டிய பிராது. இந்தப் பொங்கலுக்குப் பெரியப்பாவே வந்து பேசிவிட்டார், வரப்பும் ஒழுங்காகிவிட்டது. ‘காரியம் முடிந்தால் வந்து ராஜினாமா கொடுத்துவிட வேண்டும்’ என்றார் அத்தை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வழக்கு அங்கேயே நிற்கும். அண்ணன்மேல் சாமி கோபமாகவே இருக்கும். பாவம் இல்லையா?"

கோயிலில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தபோதுதான் அத்தை, முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல, "உன் சுவரில் எழுதினார்களே, அதை எப்படித் திரும்ப வாங்குவது?" என்று கேட்டார். மழை பெய்தால் அழிந்துவிடும் அத்தை, சாக்பீஸ்தானே என்றேன். "நீ போட்டோ எடுத்துக்கொண்டாயே" என்றார்.

எடுத்திருந்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். தெரு விளக்கு கேட்டவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. என்றாவது அந்த மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியத் தொடங்கினால், அவர் கேட்டது முடிந்துபோன விஷயம். என் கண்காட்சியில் மட்டும் அவர் தொடர்ந்து இருட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். எழுதியவர் வாழ்க்கையில் முன்னே போய்விட, அவருடைய ஒரு வரியை மட்டும் நான் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதற்கு எனக்கு என்ன உரிமை? எழுத்தைப் பெறுபவர் என்று ஒருவர் இருந்தால்தான் திரும்பக் கேட்பதற்கும் ஓர் இடம் இருக்கும். அத்தை கேட்ட இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்று புரிவதற்குள் சாதம் ஆறிப்போயிருந்தது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் வரைவு

ஐந்தாவது வரைவில் சுவர் இல்லை. ஒரு சீட்டு இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் எழுதிய விடுப்புக் கடிதத்தின் அமைப்புதான் அதற்கும். ஆனால் அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விடலாம். பெறுநர் என்ற இடத்தை மட்டும் நிரப்பியே ஆக வேண்டும். ஆசை என்ன, கனவு என்ன என்று நான் எதையும் கேட்கப்போவதில்லை. யாருக்கு என்பது மட்டுமே கேள்வி. கொட்டகையில் இதைச் சொன்னபோது நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பதில்கள் வந்தன. திருப்பூரில் இருக்கும் மகனுக்கு. இறந்துபோன மாமியாருக்கு. ரேஷன் கடை இயந்திரத்துக்கு. தன் முழங்காலுக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய நாளில் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு. சொல்கிறவரின் சொல்லை நான் மாற்றக் கூடாது, எழுதி முடித்ததும் இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டும் என்பவை அவர்கள் வைத்த விதிகள். சீட்டுகள் முதலில் கொட்டகையின் மூங்கில் வாரையில் தொங்கும். பெறுநர் உயிரோடு இருந்து, எழுதியவரும் சம்மதித்தால், தபாலில் போகும். எது சென்னைக்கு வரலாம் என்பதை அவர்களே பிரித்துக் கொடுப்பார்கள். யார் எப்போது கேட்டாலும் சீட்டு திரும்பப் போய்விடும், கண்காட்சி நடக்கும்போதேகூட. நகல் எதுவும் என்னிடம் இருக்காது. கட்டியிருந்த நூலின் முடிச்சு மட்டும் அங்கே தொங்கும்.

வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு நியாயமான கவலை இருக்கிறது. எல்லோரும் திரும்ப வாங்கிக்கொண்டால் மதிப்பீட்டுக்கு எதைக் காட்டுவாய் என்கிறார். நூல்களைக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அது போதுமா என்று இன்னும் முடிவாகவில்லை. மதிப்பெண் எனக்கும் முக்கியம்தான். வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் நான். ஆனால் இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் திரும்பவும் சுவரில்தான் போய் நிற்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்காக ஊருக்குப் போயிருந்தேன். அத்தைதான் முதல் சீட்டுக்கு உட்கார்ந்தார். பெறுநர் யார் என்று கேட்டேன். "கொல்லையில் இருந்த பலா மரம்" என்றார். தானே புயலில் விழுந்த மரம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உன்னை அறுத்து விற்ற காசில்தான் திரும்பக் கூரை போட்டோம். வண்டியில் ஏற்றும்போது நான் வெளியே வரவில்லை. வெசனமாக இருந்தது. அவ்வளவுதான். முதல் முறை படித்துக் காட்டினேன். இரண்டாவது முறை படித்தபோது ‘காசில்தான்’ என்பதில் ‘தான்’ வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். அனுப்புநர் இடத்தை விட்டுவிடலாம் அத்தை என்று சொன்னேன். அவர் பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. நான்கு எழுத்து. கறுத்த விரல்களில் பேனா நழுவியது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். கடைசி எழுத்தை எழுதி முடித்து, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அதன் மேல் புள்ளியை வைத்தார்.